நேட்டால் கப்பல் பட்டியலில் ‘பூடூர்’ என்று இருக்கிறது. இது எந்தப் புதூர்?

டர்பன் பேரன் | 4 மார்ச், இரவு 9.40

பாட்டனாருடைய அப்பா தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர். அவர் பெயர் கப்பல் பட்டியலில் கிடைத்துவிட்டது. மூன்சாமி, தகப்பன் பெயர் கூப்பென், வயது 22, ஜில்லா நார்த் ஆற்காட், தாலுகா வாலாஜா, ஊர் பூடூர். கூகுள் மேப்பில் புதூர் என்று போட்டால் தமிழ்நாடு முழுக்கச் சிவப்புப் புள்ளி. வடஆற்காடு என்றால் வேலூர் மாவட்டம்தானே, அதற்குள் தேடினால் போதுமா? டிஎன்ஏ சோதனை செய்தால் ஊரே தெரிந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?

பழைய ரிஜிஸ்தர் | 4 மார்ச், இரவு 10.25

வேலூர் மாவட்டத்துக்குள் தேடிப் பிரயோஜனம் இல்லை. பட்டியல் எழுதிய காலத்தில் வடஆற்காட்டுக்குத் தலைமையிடம் சித்தூர். வேலூர், குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா, ஆரணி, போளூர், வந்தவாசி எல்லாம் அதில். சித்தூர், சந்திரகிரி, பலமனேர், காளஹஸ்தி, காரவேட்டிநகரமும் அதில். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 1989-ல் வடஆற்காடு இரண்டானது, 2019-ல் வேலூர் மூன்றானது. உங்கள் வாலாஜா இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. அன்றைய வாலாஜா தாலுகாவும் பெரிது, அரக்கோணம், சோளிங்கர், காவேரிப்பாக்கம் பக்கமெல்லாம் அதற்குள் அடக்கம்.

டிஎன்ஏ ஊர் சொல்லாது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

பெயர், ஊர் எல்லாம் போட்டீர்கள், எண்ணைக் காணோமே?

டர்பன் பேரன் | 4 மார்ச், இரவு 10.31

எந்த எண்?

பழைய ரிஜிஸ்தர் | 5 மார்ச், காலை 6.50

காலனி எண். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாக இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் போட்டார்கள். முதல் கப்பல் ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் நின்றது. கடைசிக் கப்பல் 1911-ல். மொத்தம் 1,52,184 பேர். குழந்தைக்கும் தனி எண் உண்டு.

பெயர் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், எண் அப்படியே இருக்கும். கல்யாணப் பதிவில், அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவில், முதலாளி மாறும்போது, செத்த பிறகு சொத்துக் கோப்பில், எல்லா இடத்திலும் பெயருக்குப் பக்கத்தில் எண் வரும். உங்கள் மூன்சாமி உங்கள் மூன்சாமிதானா என்பதற்கு இது ஒன்றே சாட்சி. பட்டியலில் முனுசாமிக்குப் பஞ்சமே இல்லை. தகப்பன் குப்பன் என்று இருப்பவர்களும் நிறைய. பெயரும் ஊரும் ஒத்துப்போகிறது என்று யாரோ ஒருவரைத் தாத்தாவாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். உங்கள் அப்பாவின் முழு விவரப் பிறப்புச் சான்றிதழ் (உள்துறை அலுவலகத்தில் ‘அன்அப்ரிட்ஜ்ட்’ என்று கேட்கவேண்டும், சுருக்கச் சான்றில் தாய் தகப்பன் விவரம் இருக்காது). அதிலிருந்து தாத்தா, அவருடைய பிறப்புப் பதிவில் அவர் தகப்பனின் எண். அங்கே அறுந்தால் தாத்தாவின் இறப்பு அறிவிப்பு, சொத்துக் கோப்பு. தென்னாப்பிரிக்கத் தேசியக் காப்பகத்தின் இணையச் சுட்டியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தைத் தேர்ந்து, குடும்பப் பெயரையும் ‘எஸ்டேட்’ என்பதையும் சேர்த்துத் தேடவேண்டும். இந்தியக் குடியேற்றத் துறைக் கோப்புகளும் அதே சுட்டியில் வரும். சுட்டியில் தலைப்பு மட்டும்தான், கோப்பை நேரில் போயோ ஆள் வைத்தோ எடுக்கவேண்டும்.

எண் கிடைத்த பிறகு பட்டியலுக்கு வாருங்கள்.

வெட்டிப்பேச்சு | 5 மார்ச், காலை 8.15

நான் பார்த்த குடும்ப வரலாற்றுக் கட்டுரைகளில் எல்லார் தாத்தாவும் பல்லவ வம்சம் அல்லது பாளையக்காரர் வம்சம். கப்பல் பட்டியலில் ராஜா என்பது பெயராக மட்டும்தான் வரும்.

செங்கம் | 5 மார்ச், காலை 11.02

திருவண்ணாமலை, திருப்பத்தூரையும் வடஆற்காட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டாமா? விட்டுவிட்டீர்களே.

பழைய ரிஜிஸ்தர் | 5 மார்ச், மதியம் 1.30

வேண்டுமென்றேதான் விட்டேன். 1911 வரைக்கும் திருவண்ணாமலை தென்னாற்காட்டில், திருப்பத்தூர் சேலத்தில். பட்டியலில் ‘சேலம்’ என்று பார்த்து சேலம் நகரத்துக்கு வண்டி ஏறுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அன்றைய சேலம் ஜில்லா ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் வரை. நேட்டாலுக்கு ஆள் போனது 1911 வரைதான் என்பதால் பட்டியல் முழுவதும் பழைய எல்லைகளையே வைத்து எழுதப்பட்டது. 1911-க்குப் பிந்தைய வரைபடம் உங்களை வழிதவறவிடும்.

பழைய ரிஜிஸ்தர் | 5 மார்ச், இரவு 11.10

தேடும் முறை.

வெஸ்ட்வில் வளாகத்து காந்தி-லுத்துலி ஆவண மையம் கையெழுத்துப் பேரேடுகளைப் பார்த்து உருவாக்கிய எக்செல் கோப்புதான் பலரும் பயன்படுத்துவது. சென்னை எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார், தட்டச்சு செய்தவர் அந்தக் கையெழுத்தைக் கண்ணுக்குத் தெரிந்தபடி அடித்தார். ஆக இரண்டு முறை வடிகட்டிய பெயர் இது. க-வுக்கு மூன்று எழுத்து வரலாம், ட-வும் த-வும் ஒன்றுதான், ச என்பது ஜ, ஷ, ச்ச என்று எதுவாகவும் வரும். ‘அன்’ விகுதி ‘என்’ ஆகிவிடும், அப்படித்தான் குப்பன் கூப்பென் ஆனார். முழுப்பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். நடு எழுத்து இரண்டு மூன்று மட்டும் போடுங்கள், மிச்சத்தைக் கண்ணால் வடிகட்டுங்கள்.

ஊர்களும் இப்படித்தான். டிரினோமல்லி என்றால் திருவண்ணாமலை, வாண்டிவாஷ் வந்தவாசி, கான்ஜீவரம் காஞ்சிபுரம், சிங்கிள்புட் செங்கல்பட்டு. இவை பெரிய ஊர்கள், நிலையான ஆங்கில உருவம் உண்டு. சின்ன ஊருக்கு அதுவும் கிடையாது.

வரிசை கிடைத்தவுடன் மூடிவிடாதீர்கள். மேலே பத்து வரிசை, கீழே பத்து வரிசை படியுங்கள். குடும்பமாக வந்தவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்ணில் இருப்பார்கள். கணவன் ஒரு எண், மனைவி அடுத்தது, பிள்ளை அதற்கடுத்தது. ஒரே ஊரிலிருந்து கிளம்பியவர்களும் பக்கத்துப் பக்கத்தில் வருவதுண்டு. உங்கள் ஆளின் ஊர் விளங்காவிட்டாலும் பக்கத்து ஆளின் ஊர் விளங்கலாம்.

1860-களின் பட்டியல்களில் விவரம் குறைவு. 1866 முதல் 1874 வரை ஆள் அனுப்புவது நின்றிருந்தது, ‘1870-ல் வந்தார்’ என்று வீட்டில் சொன்னால் அந்தக் கணக்கைச் சந்தேகியுங்கள். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்த வியாபாரிகள், கணக்கர்கள் இந்தப் பட்டியலிலேயே இருக்கமாட்டார்கள்.

பழைய ரிஜிஸ்தர் | 6 மார்ச், காலை 7.05

எண் மாறாது என்று அடித்துச் சொன்னதற்கு ஒரு விலக்கு. ஒப்பந்தம் 5 வருஷம். 10 வருஷம் இருந்தால் திரும்பிப் போகக் கப்பல் இலவசம். ஊருக்குத் திரும்பிப் போய், பிழைப்பில்லாமல் மறுபடி ஒப்பந்தத்தில் வந்தவருக்குப் புது எண் போட்டார்கள். ஒரே ஆள், இரண்டு எண், வயது பத்துப் பன்னிரண்டு கூடியிருக்கும். உடல் அடையாளப் பத்தியை (தழும்பு, மச்சம், உயரம்) ஒப்பிட்டால்தான் பிடிபடும். வயதை நம்பவே வேண்டாம், எழுத்தர் மதிப்பிட்டுப் போட்டது.

டர்பன் பேரன் | 9 மார்ச், மாலை 5.20

தாத்தாவின் கல்யாணப் பதிவில் அவர் தகப்பனின் எண் இருக்கிறது, பட்டியல் எண்ணோடு ஒத்துப்போகிறது. ஆள் இவர்தான். கீழே மூன்றாவது வரிசையில் ஒருவருக்கு ஊர் ‘பாணாவரம்’. மேலே இருப்பவர்கள் எல்லாம் சேலம் ஜில்லா.

இன்னொன்று. சாதிப் பத்தியில் இருப்பதும் எங்கள் குடும்பப் பெயர் சொல்வதும் வேறு வேறு. எதை நம்புவது?

பழைய ரிஜிஸ்தர் | 9 மார்ச், இரவு 9.45

பாணாவரம் சோளிங்கர் பக்கம். அரக்கோணத்திலிருந்து காட்பாடி போகும் பாதையில் பாணாவரத்துக்குப் பக்கத்தில் ஸ்டேஷன் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-லேயே ரயில் ஓடியது. ஆள் பிடிக்கும் முகவருக்கு ரயிலை ஒட்டிய ஊர்கள் வசதி. பாணாவரத்தைச் சுற்றி ஐந்தாறு மைலுக்குள் உள்ள புதூர்களை முதலில் பாருங்கள். உறுதி என்று சொல்லவில்லை, வரிசைப்படுத்தச் சொல்கிறேன்.

சாதிப் பத்திக்கு வருகிறேன். இரண்டையும் நம்பவேண்டாம், இரண்டையும் எழுதி வையுங்கள். முகவர்களுக்கு விவசாய வேலை தெரிந்தவன்தான் வேண்டும், அதற்கேற்பச் சொன்னவர்கள் உண்டு. எழுத்தர் பொதுவாக ஒன்றை எழுதியதும் உண்டு, பழைய பட்டியல்களில் தமிழர்களை ‘மலபார்’ என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். மதம் மாறியவருக்கு ‘கிறிஸ்தவர்’ என்று மட்டும் இருக்கும். இறங்கிய பிறகு பட்டப்பெயர் குடும்பப்பெயர் ஆனது: கவுண்டர் கோவெண்டர் ஆனது அப்படித்தான். சிலருக்குத் தகப்பன் பெயரே குடும்பப்பெயர். சிலர் புது நாட்டில் புதுப் பட்டம் எடுத்துக்கொண்டார்கள். கடல் தாண்டிப் போனதில் அவர்களுக்குக் கிடைத்த ஒரு நல்லது அது, அதைக் குறையாகப் பார்க்க ஒன்றுமில்லை.

ஆனால் தேடலுக்கு அந்தப் பத்தி வேண்டும். கிராமத்தில் ஊர் வேறு, காலனி (ஒடுக்கப்பட்ட வகுப்பார் குடியிருப்பு) வேறு. தப்பான தெருவில் கேட்டால் ‘அப்படி யாரும் போகலையே’ என்றுதான் பதில் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தத் தெருவிலிருந்து யாரும் போகவில்லை.

கணக்குப்பிள்ளை | 10 மார்ச், காலை 10.00

நில ஆவணம் பற்றிச் சுருக்கமாக.

முதலில் ஊர் ரயத்துவாரியா (உழவர் நேரே சர்க்காருக்குத் தீர்வை கட்டியது), ஜமீனா (ஜமீன்தார் வழியாகக் கட்டியது), இனாமா (மானியமாக விட்டது) என்று பாருங்கள். ரயத்துவாரி ஊருக்கு செட்டில்மென்ட் (நிலவரித் திட்டம்) பதிவேடு உண்டு. சர்வே எண், பட்டாதாரர் பெயர், தீர்வை எல்லாம் வரும். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் மாவட்டப் பதிவறைகளிலும் கிடைக்கும். ஜமீன், ஜாகீர் ஊர்களுக்கு (ஆரணி ஜாகீர், காரவேட்டிநகரம், கங்குந்தி போல) 1948 ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு, 1950-களில்தான் சர்க்கார் செட்டில்மென்ட். அதற்கு முந்தையது ஜமீன் கணக்கோடு போயிற்று. இனாம் ஊருக்கு 1860-களின் இனாம் பதிவேடு இருக்கும், அதில் மானியதாரர் பெயர் வரும், உழுதவர் பெயர் வராது.

இப்போதைய ‘அ’ பதிவேட்டை (கிராமத்தின் அடிப்படை நிலப் பதிவேடு) வருவாய்த்துறை இணையத்தில் பார்க்கலாம். அது 1980-களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் புதுப்பித்ததன் தொடர்ச்சி. பழைய சர்வே எண்ணும் புது எண்ணும் வேறு, ஒப்பீட்டுப் பட்டியல் இல்லாமல் குதிக்கவேண்டாம்.

வில்லங்கம் இணையத்தில் பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களில் 1975 முதல்தான். அதற்கு முன் வேண்டுமானால் அலுவலகத்தில் மனு போட்டு கையால் தேடவேண்டும்.

கர்ணம் (கிராமக் கணக்கர்), முன்சீப் (கிராமத் தலைவர்) பதவிகள் 1980 நவம்பரில் ஒழிந்தன. ‘பழைய கர்ணம் வீட்டில் எல்லாம் இருக்கும்’ என்று அனுப்புவார்கள். கணக்குகளை அப்போதே ஒப்படைத்திருக்கவேண்டும். போய்ப் பார்ப்பதில் தப்பில்லை, காகிதம் கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள்.

பழைய ரிஜிஸ்தர் | 10 மார்ச், இரவு 8.30

கணக்குப்பிள்ளை சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கப்பல் ஏறியவர்களில் பெரும்பகுதி நிலமில்லாதவர்கள். பட்டா இல்லாதவன் பெயர் செட்டில்மென்ட் பதிவேட்டில் வராது. ‘பதிவேட்டில் இல்லை, அதனால் அந்த ஊர் இல்லை’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

அவர்களுக்கு இன்னொரு வழி: செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு, 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணையில் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கத் தொடங்கினார்கள். பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்பார்கள். போனவருடைய அண்ணன் தம்பி ஊரில் இருந்திருந்தால், அவருக்கோ அவர் பிள்ளைக்கோ பின்னால் ஒதுக்கீடு கிடைத்திருக்கலாம். நிபந்தனைப் பட்டா பதிவுகளில் தகப்பன் பெயரோடு வரும். வாய்ப்பு சிறியது. ஆனாலும் கூலிக்காரக் குடும்பத்தின் பெயர் காகிதத்தில் ஏறிய முதல் இடம் பல ஊர்களில் அதுதான்.

பிறப்பு இறப்புப் பதிவை நம்பி நேரம் போக்கவேண்டாம். கிராமப் பதிவுக்கான சென்னை மாகாணச் சட்டமே 1899-ல் வந்தது. 1890-களில் 22 வயதில் கப்பல் ஏறியவர் பிறப்பு அதில் எப்படி இருக்கும்?

ரப்பர் மரம் | 11 மார்ச், காலை 9.15

மலாயாவுக்கு இப்படிப் பட்டியல் கிடைக்குமா லா? எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்கில் இறங்கினார் என்பது மட்டும் தெரியும்.

பழைய ரிஜிஸ்தர் | 11 மார்ச், மதியம் 12.40

நேட்டால் போல ஆளுக்கு ஆள் எண்ணும் ஊரும் போட்டு, தேட வசதியாக உட்காரவைத்த பட்டியல் மலாயாவுக்கு இல்லை. அங்கே பெரும்பாலும் கங்காணி முறை. கங்காணி (தோட்டத்து மேற்பார்வையாளர்) தன் ஊரிலும் சுற்று ஊர்களிலும் ஆள் திரட்டினார். அதனால் தோட்டத்திலிருந்து தொடங்குங்கள். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, அந்தத் தோட்டத்தில் கூட இருந்த குடும்பங்கள் எந்த ஊர். ஒரே லயத்து (தோட்டத்து வரிசை வீடு) நாலு குடும்பம் ஒரே தாலுகாவைச் சொன்னால் உங்கள் குடும்பமும் அந்தப் பக்கமாக இருக்க நல்ல வாய்ப்பு. குடியுரிமை மனு, பழைய பாஸ்போர்ட், ஊருக்குப் போட்ட மணியார்டர் ரசீது, இவற்றில்தான் ஊர்ப்பெயர் ஒளிந்திருக்கும். மணியார்டர் ரசீதில் தபாலாபீஸ் பெயரும் வரும் என்பது இரட்டை லாபம்.

தேயிலைத் தூசு | 11 மார்ச், இரவு 7.50

இலங்கை மலையகத்துக்கும் கங்காணிக் கதைதான். 1949-ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானியக் குடியுரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்த குடும்பங்களிடம் அந்த மனுவின் நகல் இருக்கிறதா என்று பாருங்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா வந்தவர்கள் குடும்ப அட்டையை வைத்திருப்பார்கள், பிள்ளைகளின் பெயர், வயது அதில் வரும். போனவர்களும் இருந்தவர்களும் ஒரே குடும்பம்தான், பல வீடுகளில் கடிதம் நின்றுபோனதே 1983-க்குப் பிறகு.

பழைய ரிஜிஸ்தர் | 11 மார்ச், இரவு 11.20

மற்ற தீவுகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

பிஜி: ஒவ்வொருவருக்கும் தனித்தனி எமிக்ரேஷன் பாஸ். சென்னையிலிருந்து ஆள் போனது 1903-க்குப் பிறகு, முடிந்தது 1916. மொரீஷியஸ்: மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பேரேடுகள், பலருக்குப் புகைப்படமும் உண்டு. கொள்ளுத்தாத்தா முகத்தைப் பார்க்கும் வாய்ப்பு நேட்டால்காரர்களைவிட இவர்களுக்கு அதிகம். ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக்: புதுச்சேரி, காரைக்காலில் கப்பல் ஏறியிருந்தாலும் அங்கேயே பிறந்தவர் என்று அர்த்தமில்லை, தென்னாற்காடு, தஞ்சாவூர் ஆட்கள் ஏராளம். பிரெஞ்சு எல்லைக்குள் பிறந்தவராக இருந்தால் அதிர்ஷ்டம். புதுச்சேரி, காரைக்கால் பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் பிரான்சின் கடல்கடந்த நாடுகள் காப்பகம் இணையத்திலேயே வைத்திருக்கிறது. பக்கம் பக்கமாகப் புரட்டலாம், காசில்லை.

வெட்டிப்பேச்சு | 12 மார்ச், காலை 8.00

நகரத்தார்தான் கெட்டிக்காரர்கள். ஒன்பது கோயில், கல்யாணமானால் கோயிலில் புள்ளி (தனிக் குடும்பக் கணக்கு) சேர்த்துப் பதிவு, வருஷா வருஷம் புள்ளி வரி. பேரன் வந்து நின்றால் கணக்கைத் திறந்து காட்டிவிடுவார்கள்.

பழைய ரிஜிஸ்தர் | 12 மார்ச், காலை 8.20

வரி வாங்குகிற இடத்தில்தான் கணக்கு பிசகாமல் இருக்கும், வேறென்ன. கப்பல் ஏறியவர்களுக்கு அந்த வசதி இல்லை.

டர்பன் பேரன் | 12 மார்ச், மாலை 6.10

டிஎன்ஏ பற்றி எழுதுவதாகச் சொன்னீர்கள்.

பழைய ரிஜிஸ்தர் | 12 மார்ச், இரவு 10.00

சோதனை இரண்டு விஷயம் தரும். ஒன்று, ‘தென்னிந்தியா’ என்ற மாதிரி பரந்த வட்டம். அது உங்களுக்கு முன்பே தெரியும். இரண்டு, ஏற்கெனவே சோதனை செய்தவர்களில் உங்களோடு பொருந்துபவர் பட்டியல். வாலாஜா பக்கத்துக் கிராமத்தில் இருப்பவர் சோதனை செய்திருந்தால்தானே பொருந்துவார்? பொருந்துபவர்களில் பெரும்பாலோர் டர்பன், லண்டன், டொரோண்டோ.

அடுத்து அளவு. பொதுவாக மூன்றாம் தலைமுறை ஒன்றுவிட்ட உறவுக்குச் சராசரி 70 சென்டிமார்கனுக்கு (இருவருக்கும் பொதுவான டிஎன்ஏ துண்டுகளின் நீள அளவு) சற்று மேல், நான்காவதுக்கு 35 என்பார்கள். அந்தச் சராசரி அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டிக்கொண்ட குடும்பங்களுக்குப் பொருந்தாது. நம்மவர்கள் இரண்டு மூன்று வழியில் உறவு. தூரத்து உறவு பக்கத்து உறவாகத் தெரியும். மொத்த எண்ணைப் பார்க்காமல் மிக நீளமான ஒற்றைத் துண்டைப் பாருங்கள். சின்னச் சின்னத் துண்டுகள் சேர்ந்து பெரிய எண் வந்தால் அது பழைய உறவு பலமுறை பின்னியது.

ஊரில் ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்த பிறகு ‘இவர்கள்தானா’ என்று சரிபார்க்க இது உதவும். கண்டுபிடிக்க உதவாது. வீட்டில் மூத்தவர் இருந்தால் அவரைச் சோதிக்கவைப்பது புத்திசாலித்தனம், ஒரு தலைமுறை மிச்சம்.

பழைய ரிஜிஸ்தர் | 13 மார்ச், காலை 7.30

குலதெய்வத்தை யாரும் கேட்கவில்லை, ஆச்சரியம். வீட்டில் என்ன சாமி கும்பிட்டார்கள், எந்த மாதம், சைவப் படையலா கிடாயா, மொட்டை எங்கே போட்டார்கள், காது குத்தும்போது எந்தப் பெயரைச் சொன்னார்கள் என்று வயதான பெண்களிடம் கேளுங்கள். ஆண்களைவிட அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். கெங்கம்மா என்றால் குடியாத்தம், சித்தூர், திருப்பதி பக்கம் சாயும். திரௌபதி அம்மன், தீமிதி என்றால் செஞ்சியைச் சுற்றிய இரண்டு ஆற்காடுகளும். மாரியம்மன் என்றால் ஒன்றும் சொல்லமுடியாது, எல்லா ஊரிலும் உண்டு. இது குறிப்புதான், நேட்டாலில் தோட்டத்துக் கோயில் சாமியையே பல குடும்பங்கள் குலசாமியாக ஏற்றுக்கொண்டன.

ஊருக்குப் போகும்போது எடுத்தவுடன் சொல்லவேண்டியது: ‘நிலம் கேட்டு வரவில்லை.’ வெளிநாட்டிலிருந்து ஒருவர் கையில் பழைய காகிதத்தோடு வந்து தாத்தா பெயரைக் கேட்டால் முதலில் வரும் பயம் பாகப்பிரிவினை. இரண்டாவது, பெயர்களை நீங்களே சொல்லிக்கொடுக்காதீர்கள். ‘குப்பன் மகன் முனுசாமி போனாராமே’ என்று கேட்டால் ‘ஆமாம் போனார்’ என்று மரியாதைக்குச் சொல்வார்கள். ‘இந்த ஊரிலிருந்து யாராவது கப்பலுக்குப் போனதாகப் பேச்சு உண்டா?’ என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மூன்றாவது, முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் பங்காளியையே கொண்டுவந்து நிறுத்துகிற தரகர்களிடம் எண் விவரத்தைக் கொடுக்காதீர்கள். நீங்கள் கொடுத்த விவரமே சாட்சியாகத் திரும்பி வரும்.

டர்பன் பேரன் | 2 ஏப்ரல், இரவு 8.45

கையெழுத்துப் பேரேட்டின் படமே கிடைத்தது. எக்செல்லில் பூடூர் என்று மட்டும் இருந்த இடத்தில் கையெழுத்தில் முன்னால் ஒரு சின்னச் சொல் இருக்கிறது. ‘கில்’ போலத் தெரிகிறது.

கணக்குப்பிள்ளை | 2 ஏப்ரல், இரவு 9.05

கீழ். கீழ்ப்புதூர்.

பழைய ரிஜிஸ்தர் | 2 ஏப்ரல், இரவு 9.30

அப்படித்தான் இருக்கவேண்டும். நாளைக்கே கிளம்பிவிடாதீர்கள். கீழ்ப்புதூர் தனி வருவாய்க் கிராமமாக இல்லாமல் வேறொரு கிராமத்தின் குக்கிராமமாக இருக்கலாம், அப்போது ‘அ’ பதிவேட்டில் தாய்க் கிராமத்தின் பெயரில்தான் வரும். அரக்கோணம், நெமிலி, சோளிங்கர் தாலுகாக்களின் கிராமப் பட்டியலை எடுத்து கீழ், கீழை, கிழக்கு என்று தொடங்கும் புதூர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே மேல்புதூர் ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். மீறி இரண்டு மூன்று மிஞ்சினால், பழைய ஒரு அங்குலம் ஒரு மைல் சர்வே வரைபடத்தில் எது பாணாவரத்துக்கு நடைதூரம் என்று அளந்து அதிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பாணாவரத்துக்காரர் என்ன ஆனார் என்று கடைசிப் பத்தியைப் பார்த்தீர்களா? ஊருக்குத் திரும்பியதாக இருந்தால் இங்கே எழுதுங்கள், திரும்பியவர்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது.